கொசுவர்த்திக்குள் ஒரு மலர்

மாலை நேரம். வீட்டுப் பாடம் எழுத உட்காருகிறீர்கள். காதருகே மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. கையை வீசினால் சற்று விலகிப் போகிறது, மீண்டும் வருகிறது. அம்மா பச்சை நிறச் சுருள் ஒன்றை எடுத்துத் தகரத் தாங்கியில் செருகுகிறார். நுனியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்துவிட்டு, மேசைக்கு அருகே வைக்கிறார். மெல்லிய புகை எழுகிறது. சிறிது நேரத்தில் ரீங்காரம் அடங்கிவிடுகிறது.

கொசுவர்த்திச் சுருளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் புகையின் கதை ஒரு மலரிலிருந்து தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? அது ரோஜாவோ மல்லிகையோ அல்ல. பூக்காரர் முழம் போட்டு விற்கும் சாமந்திக்கு நெருங்கிய உறவான ஒரு வெள்ளை மலர். அதன் பெயர் பைரித்ரம். தாவர நூலார் இன்று அதை ‘டனாசீட்டம் சினராரிபோலியம்’ என்று அழைக்கிறார்கள். முன்பு அதைச் சாமந்தியின் பேரினமான கிரைசாந்திமத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள்.

இந்த மலரிடம் ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு. பூச்சிகளை நொடியில் வீழ்த்துவது சிறப்பு. வெயில் பட்டால் அதன் நஞ்சு அழிந்துவிடுவது குறை. அந்தக் குறையை நீக்க மனிதர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பாடுபட்டார்கள், வெற்றியும் பெற்றார்கள். அதன் பிறகுதான், நீக்கியது உண்மையிலேயே குறைதானா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம்

பைரித்ரச் செடி முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும். அதன் இலைகள் பெரணி இலையைப் போல நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும். சாம்பல் பூசினாற்போன்ற பச்சை நிறம். நீண்ட காம்புகளின் நுனியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள பூக்கள் நிற்கும். நடுவில் மஞ்சள் வட்டு. சுற்றிலும் வெள்ளை இதழ்கள்.

‘பூக்கள்’ என்று சொன்னேன். ஆனால் தாவரவியல் படித்தவர்கள் உடனே மறுப்பார்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு மலர்களின் கூட்டம். அதற்குச் சிரமஞ்சரி என்று பெயர். ஓரத்தில் இதழ் போலத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு தனி மலர். அவை கதிர் மலர்கள். நடுவட்டில் நெருக்கமாக நிற்கும் மஞ்சள் புள்ளிகளும் தனித்தனி மலர்களே. அவை வட்டு மலர்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சூரியகாந்தியையோ சாமந்தியையோ எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறு மலரின் அடியிலும் ஒரு சிறு சூற்பை இருக்கும். அதுவே முற்றி, விதை போன்ற ஒரு சிறு கனி ஆகிறது.

இந்தச் சின்னக் கனிகளில்தான் பைரித்ரத்தின் ஆயுதக் கிடங்கு இருக்கிறது. பூவில் உள்ள நஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கனிகளில் தங்கியிருக்கிறது. இலையிலும் தண்டிலும் மிகச் சிறிதளவே உண்டு. செடி ஏன் தன் நஞ்சை இங்கே குவித்து வைக்க வேண்டும்? காரணம் எளிது. செடியின் உடைமைகளில் விலை மதிப்பற்றது விதை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு வியப்பையும் காட்டியது. கனியின் மேலுள்ள சுரப்பிகளில் தோன்றும் பொருள் உள்ளே விதைக்கும் செல்கிறது. விதை முளைக்கும்போது அந்த இளம் நாற்றிலும் அது இருக்கிறது. தாய்ச் செடி தன் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதைப் போல, பாதுகாப்பையும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது!

இந்த நஞ்சு ஒரே பொருள் அல்ல. நெருங்கிய உறவுடைய ஆறு பொருள்களின் கலவை. அவற்றைச் சேர்த்துப் பைரித்ரின்கள் என்கிறோம். வேதியியல் பாடத்தில் எஸ்டர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் உண்டாகும் அல்லவா? பைரித்ரின்களும் எஸ்டர்களே. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஸ்டாடிங்கர், ருசிக்கா என்ற இரு வேதியியலார் 1910-க்கும் 1916-க்கும் இடையே இவற்றை ஆராய்ந்து, 1924-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று கார்பன் அணுக்கள் முக்கோணமாகக் கைகோத்த ஒரு வளையம் இதன் அமிலப் பகுதியில் உள்ளது என்று அவர்கள் கண்டார்கள். பிற்காலத்தில் வேறு ஆராய்ச்சிகளுக்காக இருவருமே நோபல் பரிசு பெற்றார்கள்.

டால்மேஷியாவிலிருந்து ஜப்பானுக்கு

பைரித்ரத்தின் தாயகம் ஏட்ரியாட்டிக் கடலோரத்திலுள்ள டால்மேஷியா. இன்று அது பெரும்பாலும் குரோவேஷியா நாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு கதை வழங்குகிறது. ஒரு பெண்மணி இந்தப் பூக்களை அழகுக்காகப் பறித்து வந்து வீட்டில் வைத்தாராம். வாடியதும் ஒரு மூலையில் எறிந்தாராம். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், அந்தப் பூக்களைச் சுற்றிப் பூச்சிகள் செத்துக் கிடந்தனவாம். கதை உண்மையோ இல்லையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்ந்த பூவின் தூள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைச் சரக்காகிவிட்டது. தெள்ளுப்பூச்சி, மூட்டைப்பூச்சி, பேன் ஆகியவற்றை ஒழிக்க மக்கள் அதைத் தூவினார்கள்.

1880-களில் இதன் விதை ஜப்பானுக்குச் சென்றது. அங்கே ஆரஞ்சு வகைப் பழ வணிகம் செய்து வந்த உவேயாமா எயிச்சிரோ என்பவர் அதைப் பெற்றுப் பயிரிட்டார். மற்ற உழவர்களையும் பயிரிடத் தூண்டினார். தூளைத் தூவினால் தரையில் ஊரும் பூச்சி சாகும். பறக்கும் கொசுவை என்ன செய்வது? ஊதுவத்தியைப் போலச் செய்து புகைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1890-இல் பைரித்ரத் தூளை மாவுப் பசையோடு பிசைந்து குச்சிகளாகச் செய்தார். கொசு விலகியது. ஆனால் குச்சி ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் எரிந்து முடிந்தது. நீளமாகச் செய்தால் ஒடிந்தது. பருமனாகச் செய்தால் புகை மிகுந்தது.

1895-இல் அவருடைய மனைவி யூகி ஒரு வழி சொன்னார். குச்சியை நீட்டுவதற்குப் பதிலாகச் சுருட்டிவிட்டால் என்ன? சுருளாக இருந்தால் நீளமும் கிடைக்கும், ஒடியவும் ஒடியாது. இரவு முழுவதும் நின்று எரியும். அந்த யோசனையைக் கைக்கொண்டு, 1902-இல் சுருள்கள் விற்பனைக்கு வந்தன. இன்று நீங்கள் கொளுத்தும் சுருளின் வடிவம் அன்று பிறந்ததுதான்.

இங்கே ஒரு சிறு ஐயம் எழலாம். நெருப்பில் பைரித்ரின் எரிந்து போகாதா? கனலும் நுனியில் எரிந்துதான் போகிறது. ஆனால் நுனிக்குச் சில மில்லிமீட்டர் பின்னால் சுருள் சூடாக இருக்கிறது, கனலவில்லை. அந்த இடத்திலிருந்து பைரித்ரின் ஆவியாகிப் புகையோடு கலந்து அறையில் பரவுகிறது. கனல் நகர நகர, அந்தச் சூடான வளையமும் நகர்ந்து கொண்டே போகிறது.

குளிர் கேட்கும் பயிர்

இரண்டாம் உலகப் போருக்கு முன் பைரித்ர விளைச்சலில் ஜப்பான் முதலிடம் வகித்தது. 1920-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யாவுக்கு விதை சென்றது. போரின்போது ஜப்பானியச் சரக்கு நின்றுவிடவே, கென்யா முன்னுக்கு வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் உலகத் தேவையில் பெரும்பகுதியை அந்நாட்டுச் சிறு உழவர்களே விளைவித்தார்கள்.

கென்யா நிலநடுக்கோட்டின் மீதே இருக்கும் நாடு. அங்கே குளிர்ப் பயிர் எப்படி விளையும்? விடை உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைச் சரிவுகளில்தான் பைரித்ரம் பயிராகிறது. நம் உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். சமவெளியிலும் பைரித்ரச் செடி வளரும், இலை தழைக்கும். ஆனால் பூக்காது. வெப்பநிலை சில நாட்களாவது 15, 16 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் அதில் அரும்பு கட்டும். கென்ய மலைகளில் ஆண்டு முழுவதும் இரவுகள் குளிராக இருப்பதால், செடி பல மாதங்கள் தொடர்ந்து பூக்கிறது. நம் நாட்டிலும் காஷ்மீரிலும், நீலகிரி, பழனி மலைகளிலும் இதைப் பயிரிட்டது இதே காரணத்தால்தான்.

பயிரிடும் முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். விதை மிகச் சிறியது. அதை நாற்றங்காலில் விதைத்து, நாற்று சில மாதங்கள் வளர்ந்த பின் வயலில் நடுகிறார்கள். அல்லது நன்கு விளைந்த பழைய தூரைப் பல துண்டுகளாகப் பிரித்து நடுகிறார்கள். இரண்டு முறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பைரித்ரம் தன் மகரந்தத்தால் தானே விதை கட்டாது. வேறு ஒரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே விதையிலிருந்து வரும் நாற்றுகள் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நஞ்சு மிகுந்த நல்ல செடி ஒன்றைக் கண்டுபிடித்தால், அதே குணத்தைப் பெருக்கத் தூரைப் பிரித்து நடுவதே வழி.

செடிக்கு ஓரளவு மழை போதும். ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் பார் அணைத்து, நீர் வடியும்படி நடுகிறார்கள். ஒரு முறை நட்டால் மூன்று, நான்கு ஆண்டுகள் பலன் தரும்.

அறுவடைதான் பெரும் வேலை. மொட்டாகப் பறித்தால் நஞ்சு குறைவு. முற்ற விட்டாலும் இழப்பு. வெள்ளை இதழ்கள் கிடையாக விரிந்து, வட்டு மலர்களில் வெளிப்புறத்து மூன்று, நான்கு வரிசைகள் மலர்ந்திருக்கும் நிலையே தக்க பருவம். ஒரே செடியில் எல்லாப் பூவும் ஒரே நாளில் இந்த நிலையை அடைவதில்லை. ஆகவே இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வயலில் இறங்கிக் கையால் பொறுக்கிப் பறிக்க வேண்டும். பறித்தவற்றை உடனே உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 5 கிலோ பச்சைப் பூவை உலர்த்தினால் ஏறத்தாழ 1 கிலோ உலர்பூ கிடைக்கும். உலர்பூவில் பைரித்ரின் 1 முதல் 2 விழுக்காடு. சராசரியாக 1.5 விழுக்காடு என்று கொண்டால், 100 கிலோ பச்சைப் பூவிலிருந்து 20 கிலோ உலர்பூ. அதிலிருந்து 300 கிராம் பைரித்ரின். ஒரு கூடை, இரு கூடை அல்ல, மூட்டை மூட்டையாகப் பறித்தால்தான் ஒரு கைப்பிடி மருந்து!

கென்யாவின் இந்தத் தொழில் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிந்தது. பூவுக்குரிய பணம் காலத்தில் கைக்கு வராததால், உழவர் பலர் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். இன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவு முதலிடத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் முடிந்து செடிகள் எல்லாம் ஒரே காலத்தில் பூப்பதால், இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். ஒரே செடி, ஒரே குளிர் விதி. ஆனால் மலையில் அது கைகளுக்கு வேலை தந்தது. தீவில் இயந்திரத்துக்கு ஏற்றதாயிற்று.

நரம்பின் கதவு

பைரித்ரின் பூச்சியை எப்படி வீழ்த்துகிறது? நம் உடலிலும் பூச்சியின் உடலிலும் நரம்புச் செய்தி ஒரு மின் துடிப்பாகச் செல்கிறது. நரம்புச் சவ்வில் சோடியம் அயனிகள் நுழைவதற்கென நுண்ணிய கதவுகள் உள்ளன. துடிப்பு வரும்போது கதவு திறக்கும்; உடனே மூடிக்கொள்ளும். மூடினால்தான் நரம்பு அடுத்த செய்திக்குத் தயாராகும். பைரித்ரின் இந்தக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு, அதை மூட விடாமல் செய்கிறது. ஒரு முறை அழுத்திய அழைப்பு மணி ஓயாமல் அடித்துக் கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அதுபோல் நரம்பு ஓயாமல் துடிக்கிறது. பூச்சி தடுமாறிக் கீழே விழுகிறது.

நமக்கும் அதே கதவுகள் உண்டே, நாம் ஏன் விழுவதில்லை? மூன்று காரணங்கள். நம் கதவுகளில் பைரித்ரின் அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை. நம் உடல் வெப்பம் அதிகம்; வெப்பம் கூடினால் பைரித்ரினின் பிடி தளரும். மேலும் நம் கல்லீரல் அதை விரைவாகச் சிதைத்துவிடும். ஆயினும் ‘பூவிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது’ என்று எண்ணிவிடக் கூடாது. மீன்களுக்கு இது கொடிய நஞ்சு. தேனீக்களையும் கொல்லும். சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். நஞ்சு என்பது யாருக்கு, எவ்வளவு, எங்கே என்பதைப் பொறுத்தது.

நல்லெண்ணெய் செய்த உதவி

பைரித்ரத்தில் விந்தை ஒன்று உண்டு. கீழே விழுந்த பூச்சி சில நேரங்களில் மீண்டும் எழுந்து பறந்துவிடும்! ஏனென்றால் பூச்சியின் உடலிலும் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. மருந்தின் அளவு குறைவாக இருந்தால் நொதிகள் வென்றுவிடும்.

1940-இல் அமெரிக்காவில் ஒரு புதுமையைக் கண்டார்கள். பைரித்ரத்தோடு நம் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயைச் சேர்த்தால் மருந்தின் வேகம் பெருகியது. எள் எண்ணெய் தனியாகப் பூச்சியைக் கொல்வதில்லை. வேறு பல எண்ணெய்களுக்கு இந்தத் திறமும் இல்லை. எள்ளில் உள்ள செசமின் என்ற பொருளே இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அது பூச்சியின் நொதிகளைத் தடுத்து நிறுத்துகிறது. காவலாளியின் கையைப் பிடித்துக் கொள்கிறது. அதற்குள் பைரித்ரின் தன் வேலையை முடித்துவிடுகிறது. உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டு சென்ற கொசுமருந்துக் குப்பிகளில் பைரித்ரமும் எள் எண்ணெயும் சேர்ந்தே இருந்தன. பிறகு செசமினைப் போன்ற அமைப்புடைய பைப்பரோனைல் பியூட்டாக்சைடு என்ற பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அது மறுபடியும் வரும்.

பட்டுக்கோட்டையில் நடந்த சோதனை

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. காவிரி நீர் புதிய கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு வந்தது. நெல் வந்தது, கூடவே தேங்கிய நீரில் கொசுவும் மலேரியாவும் வந்தன. அந்த வட்டாரத்தில் மலேரியாவை ஆராய வந்த அமெரிக்க மருத்துவர் பால் ரஸ்ஸலும், அவருடன் பணியாற்றிய நைப்பும், 1930-களின் இறுதியில் கிராம வீடுகளுக்குள் பைரித்ரக் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள்.

தெளித்த மருந்து நீடித்து நிற்காது. அன்று அங்கே இருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். பிறகு அதனால் என்ன பயன்? இங்கேதான் கணக்கு வேலை செய்கிறது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. மலேரியாக் கிருமி அதன் உடலுக்குள் வளர்ந்து முற்ற ஏறக்குறைய பத்து நாட்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் ஒரு முறையாவது மருந்து அடித்துவிட்டால், நோயைப் பரப்பும் வயதைக் கொசு எட்டாது. வாரந்தோறும் தெளித்தால் போதும். ஏழைக் கிராமங்களிலும் குறைந்த செலவில் இப்படி மலேரியாவைக் குறைக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆனால் வாரந்தோறும் எல்லா வீடுகளுக்கும் போவது எளிதா? அந்த வேளையில்தான் டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார். சுவரில் ஒரு முறை அடித்தால் மாதக் கணக்கில் நிற்கும். பைரித்ரத்தின் குறை இதில் இல்லை! விடுதலை பெற்ற ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 7.5 கோடிப் பேரை வாட்டிய மலேரியா, 1960-களின் நடுவில் சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. அது பெரும் வெற்றி, மறுக்க முடியாது. ஆனால் அழியாத மருந்து வயலிலும் ஆற்றிலும் கூட அழியவில்லை. சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறிச் சேர்ந்தது. கொசுக்களும் அதைத் தாங்கப் பழகின. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1976-இல் நம் நாட்டில் 64 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது.

குறையை நீக்கினார்கள்

இப்போது வேதியியலார் பூவிடம் திரும்பினார்கள். பைரித்ரினைப் போன்ற பொருளைச் செயற்கையாகச் செய்தால் என்ன? 1949-இல் அமெரிக்காவில் அல்லெத்ரின் உருவானது. கொசுவர்த்திச் சுருளில் பூத்தூளின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்துக் கொண்டது. ஆனால் அதுவும் வெயிலைத் தாங்கவில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் என்பவரும் அவருடைய குழுவினரும், ஒளி பட்டால் மூலக்கூறின் எந்தப் பகுதி சிதைகிறது என்று ஆராய்ந்து, அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். 1973-இல் பெர்மெத்ரின் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு டெல்டாமெத்ரின். இவை வெயிலில் நாட்கணக்கில் நின்றன. மூல மலரின் குறை நீங்கிவிட்டது!

இந்தச் செயற்கைப் பொருள்களுக்குப் பைரித்ராய்டுகள் என்று பெயர். இவற்றை ஊட்டிய கொசுவலைகள் செய்த நன்மை சிறிதல்ல. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுப்பு முறைகளால் தவிர்க்கப்பட்ட மலேரியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வலைகளால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தனையோ குழந்தைகளின் உயிர் ஒரு வெள்ளை மலரின் வழித்தோன்றலால் காக்கப்பட்டது.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பருத்திக் காடுகளுக்குப் பைரித்ராய்டுகள் வந்தன. முதலில் காய்ப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மகிழ்ந்த உழவர்கள் திரும்பத் திரும்பத் தெளித்தார்கள். இலட்சம் புழுக்களில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே நரம்புக் கதவு சற்று மாறியவையாகவோ, நொதி மிகுந்தவையாகவோ இருக்கும். மற்றவை சாக, அவை மட்டும் பிழைத்துப் பெருகும். மருந்து நீண்ட நாள் நின்றால், அடிக்கடி தெளித்தால், இந்தத் தேர்வு விரைவாக நடக்கும். 1987-இல் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் மருந்து பலிக்கவில்லை. கடன் வாங்கி மருந்தடித்த குடும்பங்கள் விளைச்சலை இழந்தன. ஆப்பிரிக்காவிலும் பைரித்ராய்டைத் தாங்கும் கொசுக்கள் பரவின. அவை இயற்கைப் பைரித்ரினையும் ஓரளவு தாங்குகின்றன. பூவின் ஆயுதமும் சற்று மழுங்கிவிட்டது.

இப்போது என்ன செய்வது? 2017-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு புதுவகை வலையைப் பரிந்துரைத்தது. அதில் பைரித்ராய்டுடன் வேறொரு பொருளும் சேர்க்கப்பட்டிருந்தது. அது என்ன தெரியுமா? பைப்பரோனைல் பியூட்டாக்சைடு! 1940-இல் நல்லெண்ணெய் கற்றுக் கொடுத்த பாடம் மீண்டும் கைகொடுத்தது. ஆனால் நரம்புக் கதவே மாறிவிட்ட கொசுவிடம் இதன் உதவி குறைவுதான். ஆகவே வேறு வகை மருந்துகளைத் தேடும் பணியும் நடக்கிறது.

குறையா, குணமா?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். வெயிலில் அழிவது பைரித்ரத்தின் குறையா? இரவெல்லாம் தூங்கும் குழந்தையைக் காக்கும் வலையில், மருந்து நிலைத்து நிற்க வேண்டும். அங்கே அழிவது குறையே. ஆனால் காய்கறித் தோட்டத்தில், இன்று தெளித்தது விரைவில் மறைந்துவிட்டால், கூடைக்கு வரும் கத்தரிக்காயில் நஞ்சு மிஞ்சாது. அங்கே அது குணம். இயற்கை முறை வேளாண்மை செய்வோர் பல நாடுகளில் இன்றும் பூவிலிருந்து எடுத்த பைரித்ரத்தை நாடுவது இதனால்தான். செடிக்குமே அப்படித்தான். அதன் நஞ்சு கனிக்குள் வெயில் படாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு. மண்ணை நஞ்சாக்க அதற்குத் தேவை எழவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டுக் கொசுவர்த்தியின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதில் அடங்கிய பொருளின் பெயர் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அது ‘த்ரின்’ என்று முடியும். பைரித்ரின் என்ற பெயரின் வால் அது. மலரின் குடும்பப் பெயர் என்றே சொல்லலாம்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். நல்ல சாமந்தி உறவு என்றாலும் புகை புகைதான். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 சிகரெட்டுகளுக்குக் குறையாதவை என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மூடிய அறையில் அதைக் கொளுத்தி வைத்துத் தூங்க வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள்; வலை கட்டிக் கொள்ளுங்கள். தேங்காய் ஓட்டிலும் பழைய டயரிலும் நிற்கும் நீரைக் கவிழ்த்து விடுங்கள். அந்த வேலைக்கு எந்த மருந்தும் வேண்டாம்; எந்தக் கொசுவும் அதைத் தாங்கப் பழகவும் முடியாது.